கடிகாரம் காட்டும் கலோரி: எவ்வளவு நம்பலாம்?

ஃபஜ்ர் தொழுகை முடிந்து வெளிச்சம் பரவும் நேரத்தில் திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பவர்களை இப்போது நிறையப் பார்க்கிறோம். பேகம்பூர் பக்கமிருந்து வருபவர்கள், நாகல் நகர் பக்கமிருந்து வருபவர்கள், ஓய்வு பெற்றவர்கள், கடை திறப்பதற்கு முன் ஒரு சுற்று நடந்துவிட்டுப் போகும் வியாபாரிகள் எனப் பலரும் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேரின் மணிக்கட்டில் ஒரு ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறது. நடந்து முடித்ததும் அதைத் தட்டிப் பார்க்கிறார்கள். எத்தனை அடி, எத்தனை துடிப்பு, எத்தனை கலோரி என்று அது சொல்கிறது.

நமக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர், அறுபதைக் கடந்தவர், தினமும் நாற்பது நிமிடம் நடப்பவர். மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த கடிகாரத்தைக் கட்டியிருப்பார். நாள்தோறும் 390 கலோரி அளவில் காட்டிக்கொண்டிருந்த அது, ஒரு வாரமாக 250க்கு மேல் போகவில்லை. "ஹஜ்ரத், அதே ரோடு, அதே நேரம், அதே நடைதான். ஆனா கலோரி குறைஞ்சுபோச்சு. உடம்பு சோம்பலாயிடுச்சு போல" என்றார். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று வேகத்தைக் கூட்டினார், நேரத்தையும் கூட்டினார். மூன்றாம் நாள் தலை சுற்றி டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்து, சிறிது நேரம் உட்கார வைத்து, வீட்டில் கொண்டுபோய் விட்டோம். அல்ஹம்துலில்லாஹ், அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அதற்கு முந்தைய வாரம் மருத்துவர் அவருக்கு இரத்த அழுத்த மாத்திரையை மாற்றியிருந்தார். புதிய மாத்திரை இதயத் துடிப்பைக் குறைக்கும் வகையைச் சேர்ந்தது. துடிப்பு குறைந்ததால் கடிகாரத்தின் கலோரிக் கணக்கும் குறைந்தது. அவர் உடல் செலவழித்த சக்தி அப்படியே இருந்தது. இல்லாத ஒரு குறையைச் சரிசெய்யப் போய்த்தான் அவர் தம்மை வருத்திக்கொண்டார்.

அந்த நிகழ்வுக்குப் பிறகுதான் இந்தக் கருவி எதை அளக்கிறது, எதை ஊகிக்கிறது என்று தேடிப் படிக்கத் தொடங்கினோம். நாம் மதரஸாவிலும், பிறகு கலைக் கல்லூரியிலும் படித்தவர்கள், மருத்துவர் அல்ல. ஆனாலும் இதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். படித்தறிந்ததை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

கலோரி என்பது என்ன?

கலோரி என்பது வெப்பத்தின் அளவு. ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பமே, உணவுப் பொட்டலங்களிலும் கடிகாரங்களிலும் நாம் பார்க்கும் கலோரி. சரியாகச் சொன்னால் அது கிலோ கலோரி. பேச்சு வழக்கில் கலோரி என்றே நின்றுவிட்டது.

உடல் சக்தியைச் செலவழிக்கும்போது வெப்பம் வெளிவருகிறது. அதை நேரடியாக அளக்க முயன்றவர்களில் முன்னோடி பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர். 1780களில் அவரும் லாப்லாஸும் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் வைத்து, எவ்வளவு பனி உருகுகிறது என்று பார்த்து, அது வெளிவிடும் வெப்பத்தைக் கணக்கிட்டார்கள். நூறாண்டுகள் கழித்து அமெரிக்காவில் அட்வாட்டர் என்பவர் ஒரு மனிதரே உள்ளே தங்கக்கூடிய அறையைக் கட்டி அளந்தார்.

தெருவில் நடப்பவரை அறைக்குள் அடைக்க முடியாது. எனவே விஞ்ஞானிகள் வேறு வழி கண்டார்கள். உடலுக்குள் உணவு எரிய ஆக்சிஜன் வேண்டும். ஒரு லிட்டர் ஆக்சிஜனை உடல் பயன்படுத்தினால் சுமார் 5 கலோரி செலவாகிறது. மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி மாட்டி, உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் ஒப்பிட்டால், எவ்வளவு ஆக்சிஜன் செலவானது என்று தெரிந்துவிடும். ஆய்வுக்கூடங்களில் இன்றும் கலோரியை நம்பகமாக அளக்கும் முறை இதுதான்.

நம் மணிக்கட்டில் முகமூடி இல்லை. அங்கே இருப்பது துடிப்பு மட்டும்.

விரலிலிருந்து விளக்கு வரை

நாடி பிடித்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. சித்த மருத்துவர் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்ப்பார். மருத்துவ மேதை இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' நூலில் நாடியைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்னு அந்நஃபீஸ், இதயத்தின் வலப்பக்க இரத்தம் நுரையீரல் வழியாகச் சென்றே இடப்பக்கம் வருகிறது என்று விளக்கினார். ஆனால் அக்காலத்தில் நாடியின் தன்மையைத்தான் பார்த்தார்கள். நிமிடத்துக்கு இத்தனை என்று எண்ணுவதற்கு வசதியான கடிகாரம் இல்லை. நாடியை எண்ணுவதற்கென்றே ஒரு நிமிடம் ஓடும் கடிகாரத்தைப் பற்றி இங்கிலாந்து மருத்துவர் ஜான் ஃப்ளோயர் 1707இல் நூல் வெளியிட்டார்.

இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் மெல்லிய மின்னோட்டம் எழுகிறது. அதைத் துல்லியமாகப் பதிவுசெய்யும் ஈ.சி.ஜி. கருவியை உருவாக்கியதற்காக நெதர்லாந்தின் ஐந்தோவனுக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை வகைத் துடிப்புமானி இந்த மின்னோட்டத்தையே பிடிக்கிறது. ஃபின்லாந்தில் 1977இல் தொடங்கப்பட்ட போலார் நிறுவனம், கம்பி இல்லாமல் கடிகாரத்துக்குத் துடிப்பை அனுப்பும் கருவியை 1982இல் கொண்டுவந்தது. விளையாட்டு வீரர்களிடமிருந்து மெல்ல அது பொதுமக்களிடம் வந்தது.

இப்போது நாம் கட்டியிருக்கும் மணிக்கட்டுக் கடிகாரம் வேறு முறையில் இயங்குகிறது. கழற்றித் திருப்பிப் பார்த்தால் அடியில் பச்சை விளக்கு மின்னும். இரத்தம் பச்சை ஒளியை நன்கு உறிஞ்சும். இதயம் துடிக்கும்போது மணிக்கட்டுத் தோலின் கீழ் இரத்தம் கூடுகிறது. அப்போது திரும்பி வரும் ஒளி குறைகிறது. அடுத்த துடிப்புக்கு முன் இரத்தம் குறைகிறது, ஒளி கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் துடிப்பைச் சொல்கிறது.

இம்முறையில் சில இடையூறுகள் உண்டு. கடிகாரம் தளர்வாக இருந்தால் வெளி வெளிச்சம் உள்ளே புகுந்துவிடும். கை ஆடும்போது இரத்தமும் அசைவதால், சில நேரம் கருவி துடிப்புக்குப் பதிலாக நம் காலடிகளையே எண்ணிவிடும். வேகமாக நடப்பவர் நிமிடத்துக்கு 110 முதல் 120 அடி வைப்பார். துடிப்பு 95 இருக்கும்போது கடிகாரம் அசையாமல் 118 என்று காட்டினால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். சைக்கிள் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும்போதும், எடை தூக்கும்போதும் தவறுகள் கூடும்.

இவ்வளவு இருந்தும், துடிப்பைப் பொறுத்தவரை இக்கருவிகள் பரவாயில்லை. பிரச்சினை அடுத்த படியில்தான்.

துடிப்பு எப்படிக் கலோரியாகிறது?

தசைக்கு ஆக்சிஜன் வேண்டும். அதைக் கொண்டுபோவது இரத்தம். இரத்தத்தைத் தள்ளுவது இதயம். வேலை கூடினால் ஆக்சிஜன் தேவை கூடும்; இதயம் வேகமாகத் துடிக்கும். மிதமான பயிற்சி முதல் கடினமான பயிற்சி வரை, துடிப்பும் ஆக்சிஜன் செலவும் ஏறக்குறைய ஒரே சீராகச் சேர்ந்து ஏறுகின்றன. துடிப்பு தெரிந்தால் ஆக்சிஜனை ஊகிக்கலாம். ஆக்சிஜன் தெரிந்தால் கலோரியை ஊகிக்கலாம் என்பதே கடிகாரத்தின் தர்க்கம்.

ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. ஆனால் ஆய்விதழில் வெளிவந்து பலரும் எடுத்தாளும் சூத்திரம் ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் கெய்ட்டல் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்டது அது. ஆண்களுக்கான கணக்கு இப்படி: நிமிடத் துடிப்பை 0.6309ஆல் பெருக்க வேண்டும். கிலோ எடையை 0.1988ஆல் பெருக்க வேண்டும். வயதை 0.2017ஆல் பெருக்க வேண்டும். மூன்றையும் கூட்டி 55.0969ஐக் கழித்து, 4.184ஆல் வகுத்தால் ஒரு நிமிடத்துக்கான கலோரி.

45 வயது, 72 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். துடிப்பு 110 என்றால் நிமிடத்துக்கு 9 கலோரி. நாற்பது நிமிடத்துக்கு 360. அதே மனிதர் அதே வேகத்தில் நடக்கிறார், ஆனால் மே மாதம், வெயில் ஏறிய பிறகு கிளம்பியதால் துடிப்பு 125 என்று வைப்போம். சூத்திரம் 451 என்கிறது. 90 கலோரி எங்கிருந்து வந்தது? அவர் ஓர் அடிகூடக் கூடுதலாக வைக்கவில்லை. உடலைக் குளிர்விக்க இதயம் தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்பியது; வியர்வையில் நீர் இழந்ததால் இன்னும் வேகமாகத் துடித்தது. தசை செய்த வேலை ஏறக்குறைய அதேதான்.

திண்டுக்கல் சமவெளியில் கோடை எப்படி இருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழரை மணிக்கே மலைக்கோட்டைப் பாறை சூடேறத் தொடங்கிவிடும். நம் ஊரில் கடிகாரம் காட்டும் கலோரியில் ஒரு பங்கு வெயிலின் கணக்கு என்று தயங்காமல் சொல்லலாம்.

வெயில் மட்டுமல்ல. கடும் டீ, காபி, தூக்கக் குறைவு, காய்ச்சல், பதற்றம், கோபம் இவை எல்லாமே துடிப்பைக் கூட்டும். ஒரு ஜும்ஆவில் நாம் பயான் முடித்து இறங்கியதும் கடிகாரத்தைப் பார்த்தோம். நின்ற இடத்திலேயே நின்று பேசியதற்குத் துடிப்பு 100க்கு மேல் போயிருந்தது. அந்தத் துடிப்பை அப்படியே சூத்திரத்தில் போட்டால், நாம் மிம்பரில் நின்றபடியே நடைப்பயிற்சி செய்துவிட்டதாகக் கணக்கு வரும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது சூத்திரம் இன்னும் தடுமாறும். மேலே சொன்ன 72 கிலோ மனிதர் துடிப்பு 70உடன் நாற்காலியில் அமர்ந்திருந்தால், சூத்திரப்படி மணிக்கு 179 கலோரி. உண்மையில் உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஒரு கிலோ எடைக்கு மணிக்குச் சுமார் 1 கலோரி செலவழிக்கிறது, அவருக்கு 72தான். இரண்டு மடங்குக்கும் மேல் பிழை. இதனால்தான் கடிகாரங்கள் ஓய்வு நேரத்துக்கு வேறு கணக்கு வைத்துக்கொள்கின்றன. நாம் 'வொர்க்அவுட்' பொத்தானை அழுத்திவிட்டு நிறுத்த மறந்து, டீக்கடையில் அரட்டையில் உட்கார்ந்தால், அந்த அரட்டையும் கணக்கில் ஏறிவிடும்.

மலைக்கோட்டைப் படிகளில் ஏறிப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். ஏறத் தொடங்கிய முதல் நிமிடம் துடிப்பு மெதுவாகத்தான் கூடும். மேலே போய் நின்று காற்று வாங்கும்போதோ, கால் நின்றுவிட்டது, துடிப்பு மட்டும் சில நிமிடம் உயர்ந்தே இருக்கும். துடிப்பு எப்போதும் வேலைக்குச் சற்றுப் பின்னால்தான் வருகிறது. ஏறி இறங்கி நின்று நடக்கும் பயிற்சிகளில் கணக்கு இதனாலும் பிசகுகிறது.

யாரை வைத்துச் செய்த சூத்திரம்?

அந்த 2005ஆம் ஆண்டு ஆய்வில் பங்கேற்றவர்கள் 115 பேர். 18 முதல் 45 வயதுவரை உள்ளவர்கள். எல்லோரும் தவறாமல் உடற்பயிற்சி செய்பவர்கள். அவர்களை வைத்துச் செய்த கணக்கை, அறுபது வயதில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள ஒருவர் மீது வைத்தால் எப்படிப் பொருந்தும்?

பெண்களுக்கான சூத்திரம் தனி. அதில் எடை கூடக் கூட, அதே துடிப்புக்குக் கலோரி குறைவாக வரும். எடை 65 கிலோவிலிருந்து 85 ஆனால் நிமிடத்துக்கு 0.6 கலோரி குறையும். உடல் பாரத்தைத் தூக்கி நடப்பவருக்குச் செலவு கூடத்தானே வேண்டும் என்று கேட்கத் தோன்றும். ஒரு குழுவினரை அளந்து, அந்த எண்களுக்கு நடுவே பொருந்தும்படி வரைந்த கோடுதான் சூத்திரம். குழுவுக்குப் பொருந்தும், தனி மனிதருக்குப் பொருந்தும் என்ற உறுதி இல்லை.

கருவிகளையே நேராகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017இல் வெளியிட்ட ஆய்வு இது. 60 தன்னார்வலர்களுக்கு ஏழு வகை மணிக்கட்டுக் கருவிகளை மாட்டி, நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்து, ஈ.சி.ஜி.யுடனும் சுவாச அளவீட்டுடனும் ஒப்பிட்டார்கள். துடிப்பைச் சொல்வதில் ஏழில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியைச் சொல்வதில் மிகச் சிறந்த கருவியே 27 சதவீதம் பிசகியது. மோசமான கருவி 93 சதவீதம் பிசகியது. கருமையான தோலும், உயரத்துக்கு மிஞ்சிய எடையும் உள்ளவர்களிடம் பிழை கூடுதலாக இருந்தது என்பதும் அதில் பதிவாகியுள்ளது. நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. அதன் பிறகு புதிய மாடல்கள் பல வந்துவிட்டன. ஆனால் துடிப்பை அளப்பதும் கலோரியை ஊகிப்பதும் வேறு வேறு என்ற அடிப்படை மாறவில்லை.

மாத்திரை சாப்பிடுவோர் கவனத்துக்கு

நம் பெரியவரின் கதைக்கு வருவோம். அட்டெனோலால், மெட்டோப்ரோலால், ப்ரொப்ரனோலால் போன்றவை பீட்டா பிளாக்கர் எனப்படும் மாத்திரைகள். இரத்த அழுத்தம், இதய நோய், படபடப்பு முதலியவற்றுக்குத் தரப்படுபவை. இவை இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தி வைக்கும். நடக்கும்போது 110 போக வேண்டிய துடிப்பு 88இல் நின்றுவிடலாம். 62 வயது, 68 கிலோ என்று வைத்து அந்தச் சூத்திரத்தில் போட்டால், நாற்பது நிமிடத்துக்கு 386 வர வேண்டிய இடத்தில் 253தான் வரும். அவருடைய கடிகாரம் காட்டிய வித்தியாசமும் ஏறக்குறைய இதேதான்.

இந்த மாத்திரை சாப்பிடுவோர் கடிகாரத்தின் கலோரியையோ, "வயதுக்கு ஏற்ற துடிப்பு" என்று அது வரையும் எல்லையையோ துரத்தக் கூடாது. கடிகாரத்துக்காக மாத்திரையை நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து. பீட்டா பிளாக்கரைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். எந்த வேகத்தில், எவ்வளவு நேரம் நடக்கலாம் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு வேறோர் ஆபத்து உண்டு. வெறும் வயிற்றில் நீண்ட நேரம் நடந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். அப்போது உடல் வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். கடிகாரமோ அந்தப் படபடப்பையும் உழைப்பாக எண்ணிக் கலோரியைக் கூட்டிக் காட்டும். எண் நன்றாக ஏறுகிறதே என்று தொடர்ந்து நடப்பது பெரும் விபரீதம். உடனே நின்று இனிப்பு எதையாவது சாப்பிட வேண்டும். பையில் நான்கு மிட்டாய் வைத்துக்கொண்டு நடப்பது நல்ல பழக்கம். பீட்டா பிளாக்கரும் சேர்த்துச் சாப்பிடுவோருக்கு இந்தப் படபடப்பு வெளியே தெரியாமலே போகலாம் என்பதால் அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

ரமளானில் நோன்பு வைத்துக்கொண்டு அஸருக்குப் பின் நடப்பவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். உடலில் நீர் குறைந்திருக்கும்போது அதே நடைக்குத் துடிப்பு கூடும். கலோரியும் கூடுதலாகத் தெரியும். அந்த எண்ணைப் பார்த்து மகிழ ஒன்றுமில்லை. உடல் தண்ணீர் கேட்கிறது என்பதற்கான அறிகுறியாகவே அதைக் கொள்ள வேண்டும். இஃப்தாருக்குப் பிறகு, உணவு சற்றுச் செரித்ததும் மெதுவாக நடப்பது பலருக்கும் ஏற்றது.

பிரியாணிக் கணக்கு

இதில் அடிக்கடி நாம் பார்க்கும் தவறு ஒன்று இருக்கிறது. கடிகாரம் 450 என்று காட்டுகிறது. "450 எரிச்சாச்சு, இனி என்ன பயம்" என்று சொல்லி இரண்டு பரோட்டா, சால்னா. பிரியாணிக்குப் பெயர் பெற்ற ஊரில் இருந்துகொண்டு உணவைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. கணக்கு மட்டும் சரியாக இருக்கட்டும்.

72 கிலோ மனிதர் நல்ல வேகத்தில், மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் அளவில், நாற்பது நிமிடம் நடந்தால் உண்மையில் செலவாவது சுமார் 200 கலோரி. அதிலும் சுமார் 50 கலோரி, அவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். நடந்ததால் மட்டும் கூடுதலாகச் செலவானது 150 அல்லது 160. பெரும்பாலான கடிகாரங்கள் பயிற்சி நேரத்துக்குக் காட்டும் எண்ணில் இந்த உட்கார்ந்திருக்கும் செலவும் சேர்ந்தே இருக்கும்.

தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அடையாளம் காணப்பட்டது. 70 கிலோ எடையுள்ளவர் அந்த 8 கிலோமீட்டரை மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடந்து முடித்தால், நடையினால் கூடுதலாகச் செலவாவது சுமார் 280 கலோரி. ஒரு கிராம் எண்ணெயில், அது நெய்யானாலும் கடலை எண்ணெயானாலும், சுமார் 9 கலோரி. 280 கலோரி என்பது 31 கிராம் எண்ணெய். இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதல். ஒன்றரை மணி நேர நடையை ஒரு தட்டின் ஓரத்தில் மிதக்கும் எண்ணெய் சமன் செய்துவிடும்.

அப்படியானால் நடந்து என்ன பயன் என்று சோர்ந்துவிட வேண்டாம். நடையின் பயன் கலோரியில் மட்டும் இல்லை. நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. இரத்த அழுத்தம் தணிகிறது. தூக்கம் நன்றாக வருகிறது. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். இந்தியாப் ஆய்வு மதிப்பிட்டது. அந்த நோயைத் தள்ளிவைக்கவும் கட்டுக்குள் வைக்கவும் நடை துணை செய்கிறது. இந்த நன்மைகள் எதையும் கடிகாரத்தின் கலோரி எண் காட்டாது.

அப்படியென்றால் கடிகாரம் எதற்கு?

கழற்றி வைத்துவிடச் சொல்லவில்லை. அது நன்றாகச் செய்யும் வேலைக்கு அதைப் பயன்படுத்துவோம்.

முதலாவது, பயிற்சியின் அளவை அறிய. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான பயிற்சி வேண்டும் என்கிறது. மிதமானது எது? 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு சுமாராக வரும். அதில் 64 முதல் 76 சதவீதம் மிதமான எல்லை. 60 வயதுக்காரருக்கு உச்சம் 160. மிதமானது 102 முதல் 122 வரை. இதுவும் சராசரிக் கணக்குதான். ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மாறும். கருவியே இல்லாத எளிய சோதனை ஒன்றும் உண்டு. நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும். பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான நடை. பீட்டா பிளாக்கர் சாப்பிடுவோருக்கும் துடிப்பு எண்ணைவிட இது பொருந்தும்.

இரண்டாவது, ஓய்வுத் துடிப்பைக் கவனிக்க. காலையில் எழுந்ததும், டீக்கு முன், அமைதியாக உட்கார்ந்து பாருங்கள். மாதக்கணக்கில் தொடர்ந்து நடப்பவருக்கு அது மெல்லக் குறைந்து வரும். காரணமில்லாமல் சில நாள் தொடர்ந்து கூடினாலோ, துடிப்பு தாறுமாறாக இருப்பதாகக் கடிகாரம் எச்சரித்தாலோ மருத்துவரைப் பாருங்கள். எச்சரிக்கவில்லை என்பதற்காக நெஞ்சுவலியை அலட்சியப்படுத்தக் கூடாது. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் கருவி அல்ல அது.

மூன்றாவது, உங்களை உங்களோடு மட்டும் ஒப்பிட. அதே பாதை, அதே வேகம், அதே நேரம். ஜனவரியில் 118 இருந்த துடிப்பு ஜூலையில் 106 ஆகியிருந்தால், உங்கள் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தைத் தள்ளப் பழகிவிட்டது என்று பொருள். இது உண்மையான முன்னேற்றம். ஆனால் கவனியுங்கள்: துடிப்பு குறைந்ததால் கடிகாரத்தின் கலோரி எண்ணும் குறையக்கூடும். உடல் தேறத் தேறக் கடிகாரம் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டே போகிறது என்றால், அந்த மதிப்பெண்ணை வைத்து நாம் மகிழ்வதும் வருந்துவதும் எதற்கு?

அளவு ஓரளவு சரியாக வர வேண்டுமானால் சில விஷயங்களைக் கவனித்தால் போதும். கடிகாரத்தில் உங்கள் வயது, எடை, உயரத்தைச் சரியாகப் பதியுங்கள். பரிசாக வந்த கடிகாரத்தில் கொடுத்தவரின் விவரமே இருந்துவிடுவது உண்டு. எடை மாறினால் திருத்துங்கள். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அகலம் மேலே, நழுவாத அளவுக்கு இறுக்கமாகக் கட்டுங்கள். அப்படி இறுக்கிக் கட்டியிருப்பதால் உளூ செய்யும்போது கழற்றிவிடுங்கள். அடியில் தண்ணீர் சேராது. சந்தேகம் வந்தால் நின்று, கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். மருத்துவர்கள் நூற்றாண்டுகளாகச் செய்துவரும் சோதனை அது. சார்ஜ் போட வேண்டியதில்லை.

நம் பெரியவர் இப்போதும் நடக்கிறார். மருத்துவரிடம் பேசி, பழைய வேகத்துக்கே திரும்பிவிட்டார். கடிகாரத்தின் முகப்பிலிருந்து கலோரியை நீக்கிவிட்டு நேரமும் துடிப்பும் மட்டும் தெரியும்படி பேரன் மாற்றிக் கொடுத்திருக்கிறான். சென்ற வாரம் பார்த்தபோது, "இப்ப எவ்வளவு பாய்?" என்று கேட்டோம். "நாப்பது நிமிஷம் ஹஜ்ரத். பேசிக்கிட்டே வந்தேன், மூச்சு வாங்கல" என்றார். அதைத்தான் நாமும் கேட்க விரும்பினோம்.